தமிழ் வழியாக பிரெஞ்சு வரட்டும்!

பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர்களுக்கு மொழித்தேர்வில் பி1 நிலைத் தேர்ச்சி போதும் என்றிருந்தது, 2026 ஜனவரி 1 முதல் பி2 ஆகிவிட்டது. சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் வீடுகளில், சம்பந்தம் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது சின்னச் செய்தி இல்லை. அரியாங்குப்பத்தில் மாடி அறை ட்யூஷன்களில் மாலை நேரத்தில் இலக்கணம் அனல் பறக்கிறது.

அப்படி ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். "மேசை பொம்பளை, புத்தகம் ஆம்பளையா? எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்றார் ஒரு மாணவி. திணை பார்த்துப் பால் சொல்லிப் பழகிய நமக்கு இதில் குறுக்குவழி அதிகம் கிடையாது. ‘சியோன்’ என்று முடிந்தால் அநேகமாகப் பெண்பால், ‘மான்’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால். மற்றபடி ‘லா தாப்ல்’, ‘லெ லிவ்ர்’ என்று சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி.

மற்ற கேள்விகளைக் கேட்கக் கேட்கத்தான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பாதிச் சந்தேகங்கள் பிரெஞ்சால் வரவில்லை. நடுவில் நிற்கும் ஆங்கிலத்தால் வருகின்றன.

எல்லோரையும் திணறடிக்கும் கேள்வி, இறந்தகாலத்துக்கு ஏன் இரண்டு வடிவம் என்பது. ‘பஸ்ஸே கொம்போஸே’ எப்போது, ‘அம்பர்ஃபே’ எப்போது? கையிலிருந்த ஆங்கில விளக்கப் புத்தகம் இதற்கு நான்கு பக்கம் எடுத்துக்கொள்கிறது. அரியாங்குப்பத்துப் பிள்ளைக்கு இரண்டு வாக்கியம் போதும். "நேத்து ஆத்துக்குப் போனோம்." "சின்ன வயசுல தினமும் ஆத்துக்குப் போவோம்." முன்னது ஒரு தடவை நடந்து முடிந்தது, பஸ்ஸே கொம்போஸே. பின்னது வழக்கமாக நடந்தது, அம்பர்ஃபே. ‘போய்க்கொண்டிருந்தோம்’ என்பதும் அதில்தான் சேரும். ஆங்கிலத்தில் போனோம், போவோம் இரண்டுக்கும் ‘வென்ட்’ என்றே சொல்லிவிடலாம். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படிப் பிரித்தறியும்?

இருபது வயது என்பதை ‘ழெ சுயி வேன்’ என்று எழுதியிருந்தார் ஒருவர். ‘ஐ ஆம் ட்வென்ட்டி’யின் நகல் அது. ‘எனக்கு இருபது வயசு’ என்று யோசித்தவர் இப்படி எழுத மாட்டார். ‘சா ம ப்ளே’ என்றால் அது, எனக்கு, பிடிக்கிறது. சொல் வரிசைகூட நம்முடையது. பி2 மாணவர்களை மிரட்டும் ‘இல் ஸெரே வெனு’ செய்தித்தாளில் வந்தால், ‘வந்தாராம்’. அந்த ‘ஆம்’ நம் வாயில் தினமும் புரள்கிறது.

வகுப்பில் பிரெஞ்சைத் தவிர வேறு மொழியே கூடாது என்பாரும் உண்டு. பேச்சுப் பயிற்சிக்கு அது சரி.

ஆனால் இலக்கணம் விளங்கத் தாய்மொழி வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள். மூசே, துய்ப்புயி பாதிரிமார்களின் தமிழ் - பிரெஞ்சு அகராதி 1855இல் புதுச்சேரியிலேயே அச்சாகத் தொடங்கியது. காரைக்காலில் வளர்ந்த ழுலியேன் வேன்சோன் 1903இல் தமிழ் இலக்கண நூலையே பிரெஞ்சில் எழுதினார். நம் மொழியைக் கற்க அவர்கள் தம் மொழியில் நூல் செய்துகொண்டார்கள். நம் பிள்ளைகளோ மூன்றாவது மொழி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்கள் முதல் மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்றார் அந்த ட்யூஷன் ஆசிரியர்.

இரு மொழியும் கைவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். ‘போனோம், போவோம்’ என்று தமிழிலேயே விளக்கும் பிரெஞ்சு இலக்கணம் ஒன்றை அவர்கள் எழுதித் தர வேண்டும்; பதிப்பாளர்கள் மாணவர் வாங்கும் விலையில் அதை அச்சிட வேண்டும்.