பின் அச்சுச் சத்தம்: கழற்றுவதற்கு முன் கேட்டறிய வேண்டியவை

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வந்து, உடுவில், சுன்னாகம், மல்லாகம் பகுதிகளில் குத்தகைக் காணியில் தோட்டஞ் செய்த குடும்பங்களுக்கு இருப்பிடம் ஓரிடம், தோட்டம் வேறிடம். நீரிறைக்கும் இயந்திரம், உரப்பை, சந்தைக்குப் போகும் வெங்காயப் பிடி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை என எல்லாவற்றையும் ஏற்றியிறக்கப் பலருக்கும் கைகொடுத்தது ஒரு பழைய கார்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை இன்னும் வைத்திருப்பவர்கள் எமது பகுதியில் உண்டு. அவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "பின்னுக்கு ஒரு சத்தம் கேக்குது, டிபறன்சியல் போட்டுதோ?"

அப்படித் தீர்மானிக்க அவசரப்பட வேண்டாம். நாமும் ஒருமுறை அவசரப்பட்டோம். ஒரு கராஜில் டிபறன்சியலைக் கழற்றி, பல்லுச்சில்லு மாற்றி, ஒரு போகத்து வெங்காயக் காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். மருதனார்மடச் சந்தி தாண்டுமுன் அதே இரைச்சல் திரும்பவும் கேட்டது. கடைசியில் பழுது இடப்பக்கச் சில்லின் பெயறிங்கில் இருந்தது.

பின் அச்சு செய்யும் வேலையை முதலில் விளங்கிக்கொள்வோம். இயந்திரத்திலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய பல்லுச்சில்லு உண்டு. அது குறவுண் என்ற பெரிய பல்லுச்சில்லைச் சுற்றுகிறது. பினியன் நான்கு, ஐந்து முறை சுற்றினால்தான் கார்ச்சில்லு ஒருமுறை சுற்றும். இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள். மொறிஸ் மைனர் அளவான கார் மணிக்கு 10 கிலோமீற்றரில் போகும்போது, சில்லு செக்கனுக்கு ஏறக்குறைய ஒன்றரை முறையும் நீண்ட தண்டு ஆறு, ஏழு முறையும் சுற்றும். 'டக்... டக்...' என்று எண்ணக்கூடியதாகக் கேட்டால் சில்லோடு சுற்றும் ஏதோ ஒன்றில்தான் குறை. எண்ண முடியாத வேகத்தில் 'டடடட' என்று கேட்டால் தண்டின் பக்கம் பாருங்கள்.

எண்ணக்கூடிய சத்தத்துக்குக் காரணம் பலவேளை வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாக இருக்கும். ரயர்ப் பள்ளத்தில் சிக்கிய ஒரு கல், அல்லது ரயர் மாற்றியபின் சரியாக இறுக்காத நட்டு. நட்டைப் பற்றிச் சிரிக்க வேண்டாம். தளர்ந்த நட்டோடு ஓடினால் சில்லின் துளைகள் அகன்று, ஒருநாள் சில்லே கழன்று போகும்.

அடுத்ததாக ரயர். றீபில்ட் செய்த ரயரும் ஒருபக்கம் தேய்ந்த ரயரும் டிபறன்சியல் போலவே இரையும். தார் வீதியில் ஓடிவிட்டு மண் ஒழுங்கைக்கு இறங்குங்கள். இரைச்சலின் தன்மை மாறினால் ரயர்தான். வீதி மாறியும் சத்தம் மாறாவிட்டால் மேலே பார்க்கலாம்.

இதற்கு நேரான, வெறுமையான வீதி தேவை. ஞாயிறு விடியற்காலை நல்லது. ஆராதனைக்கு முன் முடித்துவிடலாம். காரில் பாரம் வேண்டாம். ஓட்டுபவர் ஒருவர், பின்னாசனத்தில் காது கொடுப்பவர் ஒருவர் போதும். மணிக்கு 40 கிலோமீற்றரில் ஒரே சீராக ஓடி, முதலில் அக்சிலேற்றரை அழுத்துங்கள், பிறகு காலை எடுங்கள், பிறகு கியரை நியூற்றலில் விட்டு உருள விடுங்கள். மூன்று நிலையிலும் மாறாமல் உறுமினால் அது சில்லுப் பெயறிங். வளைவில் இன்னும் தெளிவாகும். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச்சில்லில் விழும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பெயறிங் என்று கொள்ளலாம். இந்தச் சோதனையை நாம் அன்று செய்திருந்தால் அந்தக் காசு கையில் இருந்திருக்கும்.

அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்தால் அடங்கினால், அல்லது அடங்கியிருந்தது காலை எடுத்ததும் எழும்பினால், அப்போதுதான் பினியனையும் குறவுணையும் ஐயுற வேண்டும். காலை எடுத்ததும் வரும் சத்தம் பெரும்பாலும் பினியன் பெயறிங் தளர்ந்ததைக் காட்டும். நேரே போகும்போது அமைதியாக இருந்து, திரும்பும்போது மட்டும் அரைத்தால், சில்லுப் பெயறிங்கையும் பார்த்தபின் உள்ளேயுள்ள சிறு பல்லுச்சில்லுகளைப் பார்க்கலாம்.

கிளச்சை விடும்போது 'டொக்' என்று ஒரே ஒரு அடி கேட்டால் அது வேறு கதை. நீண்ட தண்டின் இரு முனையிலும் உள்ள யூனிவேசல் மூட்டுகளைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். வில்லுத்தகட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ற்றுகளையும் இறுக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறி வெங்காயமும் மரவள்ளியும் ஏற்றினால் வில்லு தாழ்ந்து, தண்டின் சாய்வு மாறி, இந்த மூட்டுகள் விரைவில் தேயும். ஆறு பேருக்கான காரில் பத்துப் பேரும் நான்கு மூட்டையும் போவதை நாம் தடுக்க முடியாது. தேவை அப்படி. மூட்டுகளுக்குக் கிறீஸாவது ஒழுங்காக அடியுங்கள்.

காருக்குக் கீழே போகுமுன் ஒரு சொல். முன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். சீமெந்துக் கல் திடீரென வெடித்துவிடும். பனங்குற்றி அல்லது தடித்த மரக்குற்றி வைத்து அச்சை அதில் இருத்திய பின்பே கீழே போங்கள். ஒரு பின்சில்லை மட்டும் உயர்த்திக் கையால் சுற்றினால், மற்றது நிலத்தில் நிற்பதால், தண்டு வழமையின் பாதி அளவே சுற்றும். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். சுற்றும்போது வில்லுத்தகட்டில் கை வைத்தால் பழுதான பெயறிங்கின் கரகரப்பு விரலுக்குத் தெரியும்.

ஒயிலைப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. சமதரையில் நிறுத்தி, டிபறன்சியல் அடைப்பானைக் கழற்றிச் சுண்டுவிரலை விடுங்கள். துளையின் விளிம்புவரை ஒயில் நிற்க வேண்டும். இங்கே பல்லுகள் அழுத்துவதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால் இயந்திர ஒயில் தாங்காது. கந்தக வாடையுள்ள 90 இலக்க ஹைப்பொயிட் ஒயிலே தேவை. விரலில் மினுங்கும் துகள் வந்தால் காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள். மாவு போன்ற தூசி சிறிது இருப்பது தேய்மானம். ஊசிபோல், தகடுபோல் வந்தால் மேலும் ஓட வேண்டாம். அச்சின் மேலுள்ள காற்றுத்துளையை எமது செம்மண் அடைத்துவிடும். அடைத்தால் ஒயில் சில்லுப்பக்கம் கசிந்து பிரேக்கில் ஏறும்.

பழைய கார் வாங்குவோருக்கும் ஒன்று. டிபறன்சியலுக்குள் மரத்தூளையோ வாழைப்பழத்தையோ போட்டுச் சத்தத்தை அடக்கி விற்கும் தந்திரம் உலகமெங்கும் பழையது. விலை பேசுமுன் அடைப்பானைக் கழற்றி, ஒயிலை விரலில் தேய்த்து மணந்து பாருங்கள்.

உண்மையிலேயே பல்லுச்சில்லு போயிருந்தால் பினியனையும் குறவுணையும் சோடியாகவே மாற்ற வேண்டும். உதிரிப்பாகம் வராத தடைக்காலத்தில் ஒரு காரின் பினியனை இன்னொரு காரின் குறவுணோடு பூட்டியவர்கள் உண்டு. சோடி பிரிந்த பல்லு ஊளையிட்டே தீரும். பினியன் நட்டை இறுக்கிச் சத்தத்தை அடக்குகிறோம் என்று யாராவது சொன்னாலும் விட வேண்டாம். பெயறிங் சூடேறி இறுகிவிடும். சீல் மாற்றக் கழற்றினால், நட்டிலும் தண்டிலும் முதலில் அடையாளமிட்டு அதே இடத்துக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

ஓடி நிறுத்தியதும் பின்சில்லின் நடுப்பகுதியைத் தொட முடியாத அளவு சூடு, எரிந்த கிறீஸ் மணம், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் ஆடுதல் என்பவற்றில் ஏதேனும் இருந்தால் ஆட்களை இறக்குங்கள். மூட்டைகளுக்கு லான்ட்மாஸ்ரர் ஒன்றைப் பிடிக்கலாம்.

பெயறிங் மாற்றுவதென்றால் பழையதை எறிய வேண்டாம். அதன் வளையத்தில் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். காரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடையில் இல்லை என்பார்கள். இலக்கத்தைக் காட்டினால் பலவேளை அதே பெயறிங் வேறொரு இயந்திரத்துக்கென்று அலுமாரியில் இருக்கும்.