கல்வாழை நட்டால் மட்டும் போதுமா?

குளிக்கிற, பாத்திரம் கழுவுற தண்ணி கொல்லையில வாழைக்கும் சேம்புக்கும் போறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. அதனாலதான் 'செடி வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம்' என்றதும், நாலு கல்வாழை நட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம்.

கலசப்பாக்கம் மாதிரி ஊர்களில் இது கவனிக்க வேண்டிய விஷயம். ஜவ்வாது மலை அடிவாரம், கீழே கெட்டிப் பாறை. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுது. உறிஞ்சுகுழியில் விட்ட அழுக்குத் தண்ணி வெடிப்பில் இறங்கினால், மண்ணில் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும்.

உண்மையில் சுத்தம் செய்வது யார்? பெரும்பாலும் ஜல்லிக்கல்மேல் வழுவழுப்பாகப் படியும் நுண்ணுயிர்கள். அழுக்கு அவற்றுக்குச் சாப்பாடு. செடி துணைக்கு நிற்கிறது: வேர் அருகே கொஞ்சம் ஆக்சிஜன் கொடுக்கும், தழை, மணிச்சத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் கோரையை வைத்து ஆய்வு தொடங்கிய முறை இன்று இப்படித்தான் புரிந்துகொள்ளப்படுகிறது.

நுண்ணுயிர்களுக்கு வேண்டியது நேரம். ஐந்து பேர் வீட்டில் நாளைக்கு 400 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். மூன்று நாள் தங்க 1,200 லிட்டருக்கு இடம் வேண்டும். ஜல்லிக்கு நடுவே இடைவெளி சுமார் 40 சதவீதம்தான். ஆக 3 கன மீட்டர் படுகை. தண்ணீர் அரை மீட்டர் ஆழம் நின்றால், 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம். அடியில் தண்ணி இறங்காதபடி சிமென்ட் பூச்சு அல்லது தார்ப்பாய். தண்ணீர் மட்டம் ஜல்லிக்குக் கீழே 5 முதல் 10 சென்டிமீட்டரில் இருக்கணும். மேலே தண்ணி தெரிஞ்சா கொசு வந்துடும்.

படுகைக்கு முன்னால் எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் தங்க ஒரு தொட்டி கட்டாயம். இல்லாவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையிலும், கழிவுநீர் முதலில் காற்றில்லாத் தொட்டிகளைக் கடந்துதான் செடிப்படுகைக்கு வருகிறது. பிறகு குளம், தோட்டம்.

கழிப்பறைத் தண்ணி செப்டிக் டேங்க் தாண்டித்தான் வரணும். அதுக்குப் படுகையும் தனியாக் கணக்குப் போடணும். வெளிவரும் நீர் தெளிவாக இருந்தாலும் கிருமி மிச்சம் இருக்கும். தென்னைக்கு, வாழைக்கு விடலாம், கீரைப்பாத்திக்கு வேண்டாம். தொட்டிக் கசடை அவ்வப்போது அள்ளுங்க. கல்வாழை தானா வளரும், தொட்டி தானா சுத்தமாகாது.