கஸ்டம் ரொம் நிலையா நிக்குமா? பெயரைப் பாக்காதீங்க, பராமரிக்கிற ஆளைப் பாருங்க

மட்டக்களப்பில இருந்து கதைக்கிறன்.

கொஞ்ச நாளா கொமன்டில வாற கேள்விகளில முக்கால்வாசி ஒரே கேள்விதான். "கஸ்டம் ரொம் போட்டா போன் ஸ்டேபிளா இருக்குமா? இல்லாட்டி கம்பனி தந்த ஸ்டொக்கிலயே விடட்டா?" காத்தான்குடியில இருந்து ஒரு நானா கேட்டிருக்கிறார், களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, வாகரையில இருந்து ஒரு தம்பியும் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விகளுக்குக் கீழ நீங்களே பதிலும் எழுதியிருக்கிறீங்க. ஒருத்தர், "வருசக்கணக்கா பாவிக்கிறன், ஒரு பிரச்சினையும் இல்ல" எண்டுறார். அதுக்கு நேர கீழ இன்னொருத்தர், "போட்ட அண்டைக்கே கோல் போகல்ல, காசும் போயிற்று" எண்டுறார். ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்லுறாங்க. அது எப்பிடி எண்டுறதுதான் இண்டைய கதை.

பூட்லோடர், ரிக்கவரி, ஃபாஸ்ட்பூட் எல்லாம் உங்களுக்குத் தெரியும் எண்டு வச்சுக்கொண்டு போறன். இந்த வீடியோ பாக்க வந்த ஆக்களுக்கு அது தெரியாம இருக்காது.

முதல்ல, ஸ்டேபிள் எண்டா என்ன? கன பேர் நினைக்கிறது, போன் தானா ரீஸ்டார்ட் ஆகாட்டி ஸ்டேபிள். நான் அப்பிடிச் சொல்ல மாட்டன். அம்மா ஆஸ்பத்திரியில இருந்து கோல் எடுக்கேக்க ரிங் போகணும். அலாரம் வச்சா விடிய அடிக்கணும். இரவில வாவியில தோணியோட நிக்கிற ஆளுக்கு ஜிபிஎஸ் இடத்தைச் சரியாக் காட்டணும். இதெல்லாம் ஒரு நாள் விடாம நடந்தாத்தான் ஸ்டேபிள். ஸ்க்ரோல் பண்ணேக்க வழுக்கிக்கொண்டு போறதை வச்சு "ஸ்டேபிள்" எண்டு சர்டிபிகேட் குடுக்காதீங்க.

சரி, ஸ்டொக் எப்பவும் ஸ்டேபிளா? இல்ல. ஷாவோமியிட எம்ஐ ஏ3 ஞாபகம் இருக்கா? 2020 டிசம்பர் கடைசியில அதுக்கு ஆண்ட்ராய்ட் 11 அப்டேட் வந்தது. கம்பனி தந்த அப்டேட், போன்ல வந்த அறிவித்தலைத் தொட்டுப் போட்ட அப்டேட். போட்ட கன பேருக்குப் போன் திரும்ப எழும்பவே இல்ல. கம்பனி அப்டேட்டை நிப்பாட்டி, சேர்விஸ் சென்டருக்குக் கொண்டு வாங்க எண்டு சொன்னது. 2024 ஒக்டோபரில சாம்சங் கேலக்ஸி எஸ்10, நோட் 10 ஆக்களுக்கும் அதே மாதிரி ஒண்டு. ஸ்மார்ட்திங்ஸ் சம்பந்தமான ஒரு சின்ன அப்டேட்தான். போன் லோகோவில நிண்டு சுத்திக்கொண்டே இருந்தது. டேட்டா எல்லாம் அழிச்சு ரீசெட் போட்ட ஆக்கள் எத்தினையோ பேர்.

ஆனா ஒரு நியாயமும் இருக்கு. கம்பனிக்காரன் அந்த மாடலை ஆய்வுகூடத்தில வச்சுப் பாக்கிறான். கூகுளிட பொருத்தப் பரிசோதனை பாஸ் பண்ணணும், கன நாடுகளில நெட்வேர்க் கம்பனிகளோடயும் சேத்து டெஸ்ட் பண்ணுறான். கமெராவில இருந்து மோடம் வரைக்கும் உள்ளுக்கு என்ன நடக்குது எண்டுற விவரம் அவனிட்டத்தான் இருக்கு. கஸ்டம் ரொம் செய்யிற ஆளிட்ட அது இல்ல. அவர் கம்பனி ரொம்மில இருந்து மூடின கோப்புகளை எடுத்து, ப்ளொப் எண்டு சொல்லுவாங்க, அதைப் புது ஆண்ட்ராய்டோட பொருத்துறார். அது பொருந்தாத இடத்திலதான் கோல் போகாது, புளூடூத் விட்டுவிட்டு வேலை செய்யும், கைரேகை பிடிக்காது.

அந்தப் பொருத்துற வேலையை உங்கட மாடலுக்குச் செய்யிறது ஆர்? இதுதான் நான் சொல்ல வந்த விசயம். லினேஜ் நல்லதா, எவல்யூஷன் நல்லதா எண்டு கேக்காதீங்க. ரொம்மின்ட பெயரில ஸ்டேபிள் இல்ல. உங்கட கையில இருக்கிற அந்த மாடலை, அதே மாடலைத் தன்ட கையிலயும் வச்சுக்கொண்டு, ஒவ்வொரு மாசமும் பில்ட் எடுத்து, தானே பாவிச்சுப் பாக்கிற ஒரு மெயின்டெய்னர் இருக்கிறாரா எண்டு பாருங்க. அவர் இருந்தா ஸ்டேபிள். அவர் போனை வித்துப்போட்டா அண்டையோட கதை முடிஞ்சுது.

இது என்ட கருத்து மட்டும் இல்ல. லினேஜ் ஆக்கள் தங்களுக்கு எண்டு எழுதி வச்ச சட்டமே இருக்கு. ஒரு மாடல் அவங்கட உத்தியோகபூர்வ பட்டியலில வரணுமெண்டா கோல் போகணும், வைஃபை வேலை செய்யணும், கமெரா வேலை செய்யணும் எண்டு பெரிய நிபந்தனைப் பட்டியல். பராமரிக்க ஆள் இல்லாட்டி மாடலைப் பட்டியலில இருந்து எடுத்துருவாங்க. ஆனா அதே லினேஜ் பெயரைப் போட்டு "அன்ஒஃபிஷியல்" எண்டு ஆரோ ஒரு தம்பி டெலிகிராமில ஏத்துறதுக்கு அந்தச் சட்டம் ஒண்டும் இல்ல. பெயர் ஒண்டு, பொறுப்பு வேற.

இப்ப இந்தப் போனைப் பாருங்க. கிட்டக் காட்டுறன். போகோ எஃப்1. 2018 ஓகஸ்டில வந்தது, ஸ்னாப்ட்ராகன் 845. கம்பனி இதை ஆண்ட்ராய்ட் 10ஓட நிப்பாட்டிற்று. லினேஜில இதுக்கு "பெரிலியம்" எண்டு பெயர். மெயின்டெய்னர் இருந்தபடியால ஆண்ட்ராய்ட் 13ஐயும் தாண்டிப் போனது. ஸ்டொக் நிண்ட பிறகு இதில கஸ்டம்தான் நல்ல தெரிவு, எனக்கு அதில சந்தேகமே இல்ல. ஆனா இதே மாடலிலயே ரெண்டு விதமான டிஸ்ப்ளே வந்தது தெரியுமா? சிலதுக்கு தியன்மா, சிலதுக்கு இபிபிஜி. பெட்டி ஒண்டு, விலை ஒண்டு, உள்ளுக்கு வேற. கேர்னலில ரெண்டுக்கும் சரியா ட்ரைவர் போடாத ஒரு பில்ட்டை அடிச்சா, ஒருத்தருக்குத் தங்கமா ஓடும், மற்றவருக்கு டச் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடும்.

இது எங்கட ஊருக்கு ரொம்ப முக்கியம். உப்புக் காத்து, ஈரம், கடக்கரை மண். கீழ விழுந்து டிஸ்ப்ளே மாத்தின போன் இல்லாத வீடு குறைவு. கடையில மாத்தினது ஒரிஜினல் பனல் இல்லாட்டி, ஸ்டொக்கில வேலை செய்யிற அந்த டிஸ்ப்ளே கஸ்டம் கேர்னலில கறுப்பாவே நிக்கலாம். போன் செத்துப்போச்சு எண்டு நினைப்பீங்க. உள்ளுக்கு அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், வெளிச்சம் மட்டும் வராது. அதால டிஸ்ப்ளே மாத்தின போனுக்கு ரொம் அடிக்கிறதுக்கு முதல், அதே மாதிரி மாத்தின வேற ஆராவது போட்டிருக்கிறாங்களா எண்டு கட்டாயம் தேடுங்க.

இன்னொரு உதாரணம், ரெட்மி நோட் 4. சீனாவுக்கு வந்தது மீடியாடெக் சிப், அதுக்குப் பெயர் "நிகேல்". 2017இல இந்தியாவுக்கு வந்தது ஸ்னாப்ட்ராகன் 625, அதுக்குப் பெயர் "மீடோ". வெளிய எழுதியிருக்கிறது ரெண்டிலயும் ரெட்மி நோட் 4. ஒண்டின்ட ரொம்மை மற்றதுக்கு அடிக்க ஏலாது. மீடோவுக்கு உலகம் முழுக்க மெயின்டெய்னர்கள் இருந்தாங்க, நிகேலுக்கு ஆள் குறைவு. திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வாறன்: பராமரிக்கிற ஆள்.

இந்த இடத்தில ஒரு பழைய கதை சொல்லாம என்னால போக ஏலாது. இப்ப இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆண்ட்ராய்ட் 4 வாறதுக்கு முதல் கன போன்களில தமிழ் வெறும் பெட்டி பெட்டியாத்தான் தெரியும். இல்லாட்டி கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அப்ப நாங்க தமிழ்ச் செய்தி வாசிச்சது ஒபேரா மினியில. முகவரி போடுற இடத்தில "கொன்ஃபிக்" எண்டு அடிச்சு உள்ளுக்குப் போய், கடினமான எழுத்துகளுக்குப் படமா எழுத்துருக் காட்டு எண்டுற ஒரு தெரிவை "யெஸ்" ஆக்கினா, சேர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பும். டேட்டா கூடப் போகும், ஆனா தமிழ் வந்துரும். போனுக்குள்ளயே தமிழ் வரணுமெண்டா ரூட் பண்ணி எழுத்துரு போடணும், இல்லாட்டி தமிழ் சேத்த கஸ்டம் ரொம் போடணும். கம்பனி எங்கட மொழிக்கு நேரம் ஒதுக்காத காலத்தில, ஆரோ முகம் தெரியாத ஆக்கள் இராப்பகலா இருந்து அதைச் செய்தாங்க. கஸ்டம் ரொம் எண்டா விளையாட்டுப் பொடியன்களிட வேலை எண்டு ஆராவது சொன்னா எனக்குக் கோவம் வாறது அதாலதான்.

அந்தக் காலத்தில பெரிய பெயர் சயனோஜன்மொட். 2009இல ஸ்டீவ் கொண்டிக் தொடங்கினது. பிறகு அது கம்பனி ஆச்சு, 2016 டிசம்பரில கம்பனி சேவையெல்லாத்தையும் மூடிற்று. பெயர் செத்தது. ஆனா போன்கள் சாகல்ல. ஏன்? மாடல்களைப் பராமரிச்ச ஆக்கள் அதே கோடை எடுத்துக்கொண்டு லினேஜ் எண்டு தொடங்கிற்றாங்க. பாத்தீங்களா, பெயர் போனாலும் ஆள் இருந்தா ரொம் இருக்கும்.

சரி, திரும்ப இஞ்ச வருவம். மண்முனைப் பாலத்தால படுவான்கரைப் பக்கம் போற ஆக்களுக்கு ஒரு விசயம். சிக்னல் குறையிற இடத்தில ஸ்டொக்கும் கஸ்டமும் ஒரே மாதிரி நடக்காது. 4ஜியில கோல் போறதுக்கு வோல்டி வேணும். சாம்சங் போன்களில அந்த வோல்டி சாம்சங் தன்ட சொந்தமா எழுதினது, லினேஜுக்கு அது வராது. அப்ப கோல் எடுக்கேக்க போன் 4ஜியை விட்டு இறங்கி 3ஜி, 2ஜி தேடும். டவுனில நிண்டு டெஸ்ட் பண்ணினா ஒரு வித்தியாசமும் தெரியாது. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால வயலுக்குள்ள நிக்கேக்கதான் தெரியும். கல்லடிப் பாலத்தில நிண்டு ஸ்பீட் டெஸ்ட் போட்டு "ரொம் சுப்பர்" எண்டு வீடியோ போடுற தம்பிமார், தயவுசெய்து வயல் பக்கமும் ஒருக்கா போய்ப் பாருங்க.

வங்கி ஆப் கேள்வியும் கனக்க வருது. பூட்லோடர் திறந்த போனை கூகுளிட பிளே இன்டெக்ரிட்டி கண்டுபிடிக்கும். சில வங்கி ஆப் திறக்காது, சிலது இண்டைக்குத் திறந்து நாளைக்குத் திறக்காது. அதுக்கு ஒளிச்சு மறைக்கிற வழிகளை நான் சொல்லித் தர மாட்டன். சம்பளம், கரண்ட் பில், லங்காகியூஆர் எல்லாம் அந்த ஒரே போனில எண்டா, அந்தப் போனைத் தொடாதீங்க.

நேரம் போயிற்று, செய்ய வேண்டியதைக் கெதியாச் சொல்லிற்று முடிக்கிறன், வேணுமெண்டா நிப்பாட்டி நிப்பாட்டிப் பாருங்க.

முதல்ல உங்கட மாடலின்ட கோட்நேமை, பெரிலியம், மீடோ மாதிரியான பெயரை, கண்டுபிடிங்க, பெட்டியில இருக்கிற பெயரை நம்பாதீங்க. அந்தக் கோட்நேமுக்கு உத்தியோகபூர்வ பில்ட் இருக்கா, கடைசி பில்ட் எந்த மாசம், தெரிஞ்ச பிழைகள் எண்டு என்ன எழுதியிருக்கு, வாசிங்க. மூண்டு நாலு மாசமா ஒண்டும் வராட்டி ஆள் போயிற்றார் எண்டு எடுங்க. எஸ்ஈலினக்ஸ் "பெர்மிசிவ்" எண்டு எழுதியிருந்தா வேணாம், பாதுகாப்புக் கதவைத் திறந்து விட்ட ரொம் அது.

பூட்லோடர் திறக்க ஏலுமா எண்டும் பாருங்க. ஹுவாவே 2018இல இருந்து கோட் குடுக்கிறதில்ல. ஷாவோமி காத்திருக்க வைக்கும், ஹைப்பர்ஓஎஸ்ஸில நிபந்தனை இன்னும் கூட. சாம்சங்கில திறந்து வேற ரொம் அடிச்சா நொக்ஸ் ஃபியூஸ் போகும், பிறகு ஸ்டொக் போட்டாலும் அது திரும்பி வராது. பூட்லோடர் திறக்கேக்க போனில இருக்கிற எல்லாம் அழியும், அதால படம், வாட்ஸ்அப் எல்லாம் முதலே வேற இடத்தில எடுத்து வைங்க.

*#06# அடிச்சு ஐஎம்இஐ இலக்கத்தை ஒரு கடதாசியில எழுதி வைங்க. ஈஎஃப்எஸ், பெர்சிஸ்ட் பார்ட்டிஷன் ரெண்டையும் பக்அப் எடுங்க. ஈஎஃப்எஸ் போனா ஐஎம்இஐ போகும், சிம் வேலை செய்யாது. செக்கன்ட் ஹேன்ட் போன் வாங்குற ஆக்கள், ஆங்கிலத்தில ஐஎம்இஐ எண்டு அடிச்சு, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில பதிஞ்ச போனா எண்டு பதில் வரும்.

ரொம் கேக்கிற ஃபேர்ம்வெயார் பதிப்பும் உங்கட போனில இருக்கிறதும் ஒண்டா எண்டு பாருங்க. "ரொம் சரியில்ல" எண்டு வாற முறைப்பாட்டில கனக்க இதாலதான். ஷாவோமியில பழைய பதிப்புக்கு இறங்கேக்க கவனம், அன்டி ரோல்பக் இருந்தா போன் செங்கல்லாப் போயிரும். ஸ்டொக் ஃபாஸ்ட்பூட் ரொம்மை முதலே இறக்கி கொம்பியூட்டரில வச்சிற்றுத்தான் தொடங்கணும். கரண்ட் போகக்கூடிய நேரத்தில டெஸ்க்டொப்பில இருந்து அடிக்காதீங்க, சார்ஜ் உள்ள லப்டொப்பில அடிங்க. கடையில குடுத்து அடிக்கிறதெண்டா, "எந்த பில்ட் போடப் போறீங்க, ஆர் செய்தது?" எண்டு கேளுங்க. பதில் சொல்லாத கடையில போனைக் குடுக்காதீங்க.

என்ட முடிவு இதுதான். கம்பனி இன்னும் பாதுகாப்பு அப்டேட் தாற போனா? ஸ்டொக்கிலயே வைங்க. கம்பனி கைவிட்டு, உத்தியோகபூர்வ மெயின்டெய்னர் இருக்கிற பழைய போனா? தயங்காம கஸ்டம் போடுங்க, ஸ்டொக்கை விட அது உறுதியா நிக்கும். கம்பனியும் இல்ல, மெயின்டெய்னரும் இல்லையெண்டா அந்தப் போனில வங்கி விசயம் வைக்காதீங்க, பாட்டுக் கேக்கப் பாவிங்க.

கஸ்டம் ரொம் பாவிக்கிற ஆக்களிட்ட ஒரு வேண்டுகோள். பிழை ஒண்டு வந்தா குரூப்பில ஏசிற்றுப் போகாதீங்க. லொக் எடுத்து, எந்த இடத்தில என்ன நடந்தது எண்டு எழுதி, மெயின்டெய்னருக்கு அனுப்புங்க. அவருக்குச் சம்பளம் இல்ல, படுவான்கரையில கோல் போகாதது அவருக்குத் தெரியவும் மாட்டாது. உங்கட போனின்ட கோட்நேமைக் கீழ எழுதுங்க, ஆள் இருக்கா இல்லையா எண்டு பாத்து பதில் போடுறன்.