காருக்குக் கூரை போடப் போகிறீர்களா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. சுங்கை பட்டாணியில் வானம் கறுத்து, பத்து நிமிடம் காற்று அடித்தது. நான் வேலை முடிந்து வீடு திரும்பியபோது எங்கள் கார் கொட்டகையின் கூரையைக் காணவில்லை. அது பக்கத்து வீட்டு மாக்சிக் துணி காயப்போடும் இடத்தில் கிடந்தது. சற்று முன்னால்தான் அவர் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்.

அவர் காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் அடிபடவில்லையே என்று மலாயில் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்தக் கூரை அப்பாவின் ஆசை. பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர் அவர். அவருடைய கப்சாய் மோட்டார் லயத்து வாசலில் மழையில் நனைந்தபடி நிற்கும். காருக்கென்று கொட்டகை இருந்தது துரை பங்களாவில் மட்டும்தான். பிறகு தாமானில் மலிவு விலை மூலை வீடு வாங்கி, நான் முதல் மைவியை ஓட்டி வந்து நிறுத்தியபோது, "இதுக்கு மேல ஒரு கூரை போட்டுடு தம்பி" என்றார். கெடாவில் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பல வீடுகளில் இந்த ஆசை உண்டு. அதை எப்படிப் போடக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

காற்று கீழிருந்து தூக்கும்

அப்போது மூன்று பேரிடம் விலை கேட்டேன். மிகக் குறைந்த விலை 2,400 ரிங்கிட். அதையே பிடித்துக்கொண்டேன். வேலை ஒரே நாளில் முடிந்தது. ஒரு பக்கம் வீட்டுச் சுவரில் போல்ட். மறுபக்கம் இரண்டு இரும்புத் தூண்கள், அவையும் சிமெண்டுத் தரையின் மேல் போல்ட் போட்டே நிறுத்தப்பட்டன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கூரை கீழே விழாமல் இருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பக்கம் திறந்த கொட்டகைக்கு ஆபத்து வேறு. அடியில் புகும் காற்று மேலே தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கும். 10 அடிக்கு 16 அடி கூரையின் தகரம் சுமார் 60 கிலோதான் இருக்கும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகக் காற்று அதை 300 கிலோவுக்கும் மேலான விசையோடு தூக்கலாம். எங்கள் வீட்டுச் செங்கல் சுவர் நாலரை அங்குலம். போல்ட் பூச்சோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

இந்தக் காற்று நமக்குப் புதிதல்ல. 2019 ஆகஸ்டில் லெகிமா சூறாவளியின் தாக்கம் வட மாநிலங்களை எட்டியபோது கெடாவில் எத்தனையோ வீடுகள் கூரை இழந்தன.

இரண்டாவது முறை வீட்டுச் சுவரைத் தொடவே இல்லை. நான்கு தூண்கள், நான்கு குழிகள். ஒவ்வொரு குழியும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழம் இரண்டடி. அதை நிரப்பும் கான்கிரீட் ஏறக்குறைய 300 கிலோ. நான்கும் சேர்ந்தால் 1,200 கிலோ. கூரையைத் தரையோடு பிடித்துவைப்பது அந்த எடைதான். தகரத்துக்கும் ஆணி அடிக்கவில்லை. ரப்பர் வாஷர் வைத்த ஸ்குரூ போட்டோம். வெல்டிங் செய்த இடத்தில் ஜி.ஐ. இரும்பின் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். துத்தநாகம் கலந்த பெயிண்ட் அடிக்கும்வரை அப்பா நகரவே இல்லை.

எவ்வளவு இடம் வேண்டும்?

மைவியின் நீளம் சுமார் 3.9 மீட்டர், அகலம் 1.74 மீட்டர். சாகாவின் நீளம் 4.33 மீட்டர். 16 அடி நீளம் இரண்டுக்கும் போதும். அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கதவைத் திறந்து வயதானவர்கள் இறங்க 10 அடி வேண்டும். தூண் நிற்கும் இடத்தில் கதவு இடிக்காமல் இருக்கிறதா என்று, காரை நிறுத்திப் பார்த்த பிறகே குழி தோண்டுங்கள்.

பாலிகார்பனேட் போட்டால் வெளிச்சம் வரும், வெயிலும் சேர்ந்து வரும். அதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். தகரத்தில் மழைச் சத்தம் அதிகம். அடியில் ஃபோம் ஒட்டிய தகரம் சத்தத்தையும் சூட்டையும் குறைக்கிறது.

தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது?

பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் பல இடங்களில் காரணம் கூரைத் தண்ணீர்தான். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் இந்தச் சிறிய கூரையிலிருந்து மட்டும் சுமார் 740 லிட்டர் தண்ணீர் வடியும். எனவே சரிவு நம் வீட்டுப் பக்கமே இருக்கட்டும். 10 அடி அகலத்துக்கு 10 அங்குலச் சரிவு வைத்தோம். ஓரத்தில் பீலி, அதிலிருந்து குழாய், குழாய் நேராக நம் கால்வாய்க்கு. பீலியில் இலை அடைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பாருங்கள்.

அனுமதி

வீட்டைக் கட்டவோ மாற்றவோ உள்ளாட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. சுங்கை பட்டாணி, கூலிம் நகராண்மைக் கழகங்கள், அலோர்ஸ்டார் மாநகர் மன்றம், பாலிங் மாவட்ட மன்றம் என ஒவ்வோர் இடத்திலும் நடைமுறை மாறலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் கவுண்டரில் போய்க் கேளுங்கள். வீட்டு கிராண்டையும் எடுத்துப் போங்கள். எல்லைக் கல் எங்கே, கழிவுநீர் மேன்ஹோல் எங்கே, கால்வாய் ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். முதல் முறை நான் கேட்கவே இல்லை. "எல்லாரும் போடுறாங்க, யாரு கேட்கப் போறா" என்று கொட்டகை போட்டவர் சொன்னதை நம்பினேன்.

இரண்டாவது கொட்டகைக்கு 3,500 ரிங்கிட் ஆனது. முதலில் கொடுத்த 2,400 ரிங்கிட்டையும் சேர்த்தால் மலிவைத் தேடிய எனக்கு மொத்தம் 5,900 ரிங்கிட். விலை கேட்கும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். தூண் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் மாக்சிக்கிடம் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னார். தள்ளி வைத்தோம். இப்போது மழை வந்தால் அப்பா அந்தக் கூரைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கார் சில நாள் வெளியேதான் நிற்கிறது.