சோப்பில் செதுக்கும் பல்

பல் மருத்துவ மாணவர் முதலாண்டில் மெழுகுக் கட்டியைச் செதுக்கித்தான் கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளங்களைக் கற்கிறார். மெழுகுக்குப் பதில் சலவை சோப்போ, சாக்குக்கட்டியோ இருந்தாலும் போதும். வடிவம் பழகுவதற்கு இவற்றில் குறையொன்றும் இல்லை.

துளையிடப் பழகுவது வேறு விஷயம். பல்லின் மேலுறையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். மோஸ் அளவையில் அதன் கடினம் ஏறத்தாழ 5. அடியிலுள்ள டென்டினுக்கு 3 அளவில்தான். எனாமலைக் கடந்ததும் கருவி சட்டென்று உள்ளிறங்கும். இந்த வேற்றுமையைக் கை உணராவிட்டால் நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த பற்கூழ் குத்துப்படும், வேதனை நோயாளிக்கு! ஒரே கடினமுள்ள சாதாரணப் பிளாஸ்டிக் பல் இதைக் கற்பிக்காது. ஆகவே, பிடுங்கிய பற்களைக் கிருமி நீக்கிப் பயன்படுத்துகிறார்கள். பாதரசக் கலவை அடைத்த பல்லை மட்டும் சூடாக்கக் கூடாது. நச்சு ஆவி எழும்.