கையளவு ஆய்வகம் – 14: ஒரு சென்டிமீட்டரும் சொச்சமும்

சென்ற வாரம் பந்தை எறிந்து, கைபேசியில் படம்பிடித்து, டிராக்கர் மென்பொருளில் ஃபிரேமுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டோம். இந்த வாரம் காற்றுத்தடை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும்: 1.09 செ.மீ.

கைபேசிக் காணொளி பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம். பக்கவாட்டில் புள்ளிகள் சம இடைவெளியில் விழும். அது பாடநூலிலேயே இருக்கிறது. மேலிருந்து கீழாக அளந்து பாருங்கள். ஓர் இடைவெளி 5 செ.மீ. என்றால் அடுத்தது 6.09, அதற்கடுத்தது 7.18. கூடுகிற அளவு மாறவே மாறாது. புவியீர்ப்பு முடுக்கம் 980-ஐ, 30-இன் வர்க்கமான 900-ஆல் வகுத்தால் வருவது அதுதான். அளந்த 1.09-ஐ 900-ஆல் பெருக்குங்கள், புவியீர்ப்பு முடுக்கமே கிடைத்துவிடும்!

நின்ற நிலையிலிருந்து விழும் பொருள் சம நேரங்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இறங்கும் என்றார் கலிலியோ. காணொளியில் அது அப்படியே அமைவது அரிது. பந்து கையை விட்ட கணமும் ஃபிரேம் பதிந்த கணமும் ஒத்துப்போக வேண்டும். நம் 1.09-க்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்த ஃபிரேமில் தொடங்கினாலும் சரி. பந்து ஏறும்போது இடைவெளி அதே அளவு குறைந்துகொண்டு வரும். உச்சியில்? செங்குத்து வேகம் பூஜ்யம், ஆகவே முடுக்கமும் பூஜ்யம் என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். உச்சியைச் சுற்றியுள்ள புள்ளிகளை அவர்களையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் 1.09. பல முறை சொல்லியும் மனதில் ஏறாதது அப்போது ஏறும். (புள்ளி ஓரிரு மில்லிமீட்டர் தவறினாலே தனித்தனி வித்தியாசங்கள் ஆட்டம் காணும். இடைவெளிகளை வரைபடத்தில் குறித்து, நேர்கோட்டின் சாய்வை எடுங்கள்.)

என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது ஒரு பழைய படம். எம்.ஐ.டி.யில் 1956-இல் தொடங்கிய பி.எஸ்.எஸ்.சி. குழு, 1960-இல் பள்ளிகளுக்கு ஓர் இயற்பியல் நூல் கொண்டுவந்தது. அதில் இரண்டு கோல்ஃப் பந்துகள்: ஒன்று நேராக விழுகிறது, மற்றொன்று அதே கணத்தில் கிடையாக எறியப்பட்டிருக்கிறது. விட்டுவிட்டு மின்னும் விளக்கில் எடுத்த படம். ஒவ்வொரு மின்னலிலும் இரண்டும் ஒரே உயரத்தில். மின்னல்களுக்கு இடையே எவ்வளவு நேரம் தெரியுமா? முப்பதில் ஒரு நொடி! நம் கைபேசியின் அதே கணக்கு. அந்தப் படத்தின்மேல் ஸ்கேலை வைத்து அளந்து, உண்மை அளவுக்கு மாற்றினாலும் இதே 1.09 வரும்.

அளவு தெரிய அவர்கள் 15 செ.மீ. இடைவெளியில் நூல் கட்டினார்கள். நமக்கு மீட்டர் ஸ்கேல் போதும். ஆனால் அது பந்து பறக்கும் தளத்திலேயே நிற்க வேண்டும். கேமராவிலிருந்து பந்து 2 மீட்டரிலும், ஸ்கேல் சாய்த்த சுவர் 2.5 மீட்டரிலும் இருந்தால் 9.8 வர வேண்டிய இடத்தில் 12.25 வரும்.

ஸ்கேலே இல்லையென்றால்? 2010-இல் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரெட் அலைன் 'ஆங்ரி பேர்ட்ஸ்' விளையாட்டை டிராக்கரில் ஏற்றினார். முடுக்கம் 9.8 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டார். அதில் பறவைகளை எய்யும் உண்டிவில்லின் உயரம் 4.9 மீட்டர் என்று வந்தது.

காற்றுத்தடை அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்குள் ஓர் இறகுப்பந்தை எறிந்து படம்பிடித்து வையுங்கள். அதில் 1.09 நிலைக்காது, எங்கே எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்போம்.

(தொடரும்)