கட்டையும் கமகமும்

ஏ. ஆர். ரகுமான் 1967 சனவரி 6 அன்று சென்னையில் பிறந்தார். திலீப் குமார் என்பது அவரது இளமைப் பெயர். மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்த தந்தை ஆர். கே. சேகர், மகனின் ஒன்பதாம் வயதில் காலமானார். அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே தாய் குடும்பத்தைக் காத்தார். சிறுவனும் கீபோர்டு வாசித்துப் பொருளீட்டலானான். பள்ளிப்படிப்பு இடையில் நின்றது.

மாஸ்டர் தன்ராஜிடம் இசை பயின்ற அவர், இளையராசாவின் குழுவில் வாசித்தார். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ராக் இசைக்குழுவிலும் அவரே கீபோர்டு கலைஞர். 1992இல் ‘ரோஜா’ முதல் படத்திலேயே தேசிய விருது பெற்றுத் தந்தது.

கீபோர்டில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதன் ஒவ்வொரு கட்டையும் ஒரே சுரத்தில் நிற்கும். நம் இராகங்களுக்கு உயிரான கமகமோ, சுரத்தை அசைத்தும் அடுத்த சுரத்திற்கு வழுக்கியும் பிறப்பது. வீணைத் தந்தியை இழுத்தால் எளிதில் கிடைப்பது, கட்டையை அழுத்தினால் கிடைப்பதில்லை. பக்கத்திலுள்ள சக்கரத்தைத் திருப்பி ஓரளவு வளைக்கலாம், அவ்வளவே. ராக் மேடையில் முழங்கும் கருவி, தோடியின் முன் திகைத்து நிற்கும்!

‘காதலன்’ (1994) படத்தின் ‘என்னவளே’ பாடலில் கேதார இராகத்தின் அசைவுகளைக் கருநாடக இசைப் பாடகர் உன்னிகிருஷ்ணனின் குரலிடம் ரகுமான் ஒப்படைத்தார். பின்னர்க் கருவியையே மாற்றிப் பார்த்தார். ‘தில்லி 6’ (2009) படத்தை நம் ஊரார் அறிவர். பழைய தில்லியின் அஞ்சல் எண்ணான 110006இலிருந்து வந்த பெயர் அது. அதில் ‘ரெஹ்னா தூ’ பாடலின் இறுதியில் அவர் வாசிப்பது ‘கண்டினுவம்’ என்னும் கருவி. அதில் தனித்தனிக் கட்டைகள் இல்லை, ஒரே மென்பரப்புதான். விரல் நகர்ந்தால் சுரமும் நகரும். சொற்கள் ஓய்ந்தபின் செவிசாய்த்தால், அந்த வழுக்கலைத் தெளிவாகக் கேட்கலாம்.